ட்ரம்ஸ் தனியாக ஒலிக்கும் பத்து நிமிடம்

ஒரு மாதத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் ட்ரம் சோலோவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கிறதா?

மெல்லிசைக் கச்சேரி நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று பாடகர்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். கிடார்க்காரர் கைக்குட்டையால் முகம் துடைப்பார். ட்ரம்ஸ் வாசிப்பவர் மட்டும் தனியாக, பத்து நிமிடம், யார் மேலோ இருக்கிற கோபத்தையெல்லாம் தீர்த்துக்கொள்வார். 'ஜனங்கள் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வரட்டும் என்றுதான் இதை வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது' என்று எழுதினேன். நீங்கள் சிரித்திருப்பீர்கள். எழுதும்போது நானும் சிரித்தேன்.

பிறகு கடிதங்கள் வந்தன.

அரக்கோணத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர். வெளிநாட்டு ராக் கச்சேரி கேசட் ஒன்று வைத்திருக்கிறாராம். 'அதில் ட்ரம்மர் இருபது நிமிடம் வாசிக்கிறார். கூட்டம் போடுகிற கூச்சலில் டேப் ரிக்கார்டரே நடுங்குகிறது. உங்களுக்கு ரசனை போதாது' — பச்சை மையில், அடிக்கோடு போட்டு! ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், 'பித்தளைத் தாம்பாளங்களை மலைப்படியில் உருட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. நீங்கள் இன்னும் காரமாக எழுதியிருக்கலாம்' என்று வருத்தப்பட்டிருந்தார். ஒரு அம்மாவின் கடிதம்தான் அருமை. அவருடைய கைக்குழந்தை எந்தத் தாலாட்டுக்கும் தூங்காதாம். ட்ரம் சோலோ ஆரம்பித்தால் தூங்கிவிடுமாம்!

ஒரு பத்து நிமிட சத்தத்துக்கு இத்தனை அபிப்பிராயமா? எனக்கு ஒரே சந்தோஷம். இன்னொரு வாரத்துக்கு விஷயம் கிடைத்துவிட்டதே...

அப்போதுதான் கே.ஜி.கண்டிகையிலிருந்து அந்த கார்டு வந்தது.

'ஐயா, நீங்க எழுதுனத எங்க ஊர் திருவிழாக் கமிட்டியில படிச்சிட்டு, இந்த ஆடிக்கு கச்சேரியில ட்ரம்ஸ் தனியா வாசிக்கிறத எடுத்துட்டாங்க. எங்க வூட்டுக்காரருக்கு கச்சேரியில கேக்கறது அது ஒண்ணுதான். இப்படிக்கு, சரோஜா.'

அவ்வளவுதான். திட்டவில்லை, நியாயம் கேட்கவில்லை. திட்டியிருந்தால் பதில் எழுதி முடித்திருப்பேன். இதற்கு என்ன பதில் எழுதுவது?

ஞாயிற்றுக்கிழமை காலை திருத்தணியிலிருந்து பஸ் ஏறினேன். கண்டிகை டீக்கடையில் சரோஜா வீடு எது என்று கேட்டேன். "காது கேக்காத தறிக்காரரு வூடா?" என்று திருப்பிக் கேட்டு, வழி காட்டினார்கள்.

சரோஜாவின் கணவர் முனிரத்தினத்துக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினாறு வருஷமாக விசைத்தறி ஷெட்டில் வேலை. எட்டுத் தறிகள் ஒரே கூரையின் கீழ் ஓடுகிற இடம். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது பேச்சே கேட்பதில்லை. சரோஜா, "பாவா!" என்று கணவரின் தோளைத் தொட்டு, என்னைக் காட்டி, எழுதுவது போல விரலை அசைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"உக்காருங்க சார்!" என்றார், தெருவுக்கே கேட்கிற குரலில்.

"பாட்டு எதுவும் கேக்காதுங்களா?" என்று சரோஜாவிடம் கேட்டேன்.

"கேக்காதுங்க. பாடறவங்க வாய் அசையறதுதான் தெரியும். நான் பக்கத்துல உக்காந்துகினு இன்னா பாட்டுன்னு வாயசைச்சிச் சொல்லுவேன். சிரிக்கிற பாட்டு, அழுவுற பாட்டுன்னு கை காட்டுவேன். கச்சேரி முடியறதுக்குள்ள எனக்கே பாட்டு கேட்டா மாதிரி இருக்காது."

"ட்ரம்ஸ்?"

அவர் பதில் சொல்வதற்குள் முனிரத்தினமே எங்கள் முகத்தைப் பார்த்து விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சில் கை வைத்தார். "இங்க கேக்குது சார். காலுக்குக் கீழருந்து ஏறிகினு வருது. பெரிய ட்ரம்மு வேற, சின்ன ட்ரம்மு வேற. எல்லாம் தனித்தனியாத் தெரியுது."

சரோஜா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "அந்தப் பத்து நிமிஷம் நான் எதுவும் சொல்லத் தேவையில்லீங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரி கேக்கறோம்."

வருஷத்துக்கு இரண்டு கச்சேரிகள். கண்டிகையில் ஒன்று, திருத்தணியில் எங்கள் தெருவில் ஒன்று. ஒன்றை நான் கெடுத்தாயிற்று. எங்கள் தெருத் திருவிழாவுக்கும் அதே குழுதான் வருகிறது. அங்கேயாவது...

அன்று மத்தியானமே அரக்கோணத்துக்குப் போனேன். அந்தக் குழுவில் ட்ரம்ஸ் வாசிக்கிறவர் அங்கேதான் இருக்கிறார். பெயர் ஜெயசீலன். என் பெயரைச் சொன்னதும், "நீங்கதானா சார் அது?" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

"தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

"தப்புன்னு எப்படி சார் சொல்றது? நான் ஆரம்பிச்சா ஜனம் எழுந்து போறத மேல உக்காந்துகினு பாத்துகினுதானே இருக்கேன். போறவன் ஒருவாட்டி திரும்பிப் பாக்கணும்னு இன்னும் நல்லா வாசிப்பேன். இப்ப அதுக்கும் வழியில்ல."

எங்கள் தெருக் கச்சேரியிலும் சோலோ வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். நான் முனிரத்தினத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போது அவர் முகம் மாறியது.

"மொத வரிசையில, ஸ்பீக்கர் பக்கத்துல... மேடைப் பலகை மேல கை வச்சிகினு நிப்பாரே, அவரா?"

"ஆங், அவராத்தான் இருக்கணும்."

"அவருக்கா காது கேக்காது?" எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். பிறகு, "நான் அவரைப் பாத்துதான் சார் வாசிப்பேன். ஒருத்தராவது முழுசா கேக்கறாரேன்னு" என்றார்.

அதற்கப்புறம்தான் எனக்கு நாற்காலி வந்தது.

எங்கள் தெருக் கமிட்டிச் செயலாளர் லேசில் மசியவில்லை. "நீங்க எழுதுனதப் படிச்சிட்டுத்தானே சார் எடுத்தோம்? மறுபடி வச்சி, ஜனம் எழுந்து போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"அப்ப மேடையேறி நீங்களே சொல்லுங்க."

உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது — எனக்கு மேடை என்றால் உதறல். பேனா பிடிக்கிற கைக்கு மைக் ஒத்துவருவதில்லை. போன வெள்ளிக்கிழமை சாயந்திரம், வெயில் தாழ்ந்த நேரம், தெரு நிறைய ஜனம். நாலு பாட்டு முடிந்ததும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். படியேறும்போது செருப்பு வழுக்கியது. முன்வரிசையில் சரோஜாவும் முனிரத்தினமும். கண்டிகைக்குப் போய் நானே அழைத்துவிட்டு வந்திருந்தேன்.

"ட்ரம்ஸ் தனியா வாசிக்கிறதக் கிண்டல் பண்ணி எழுதுனேன். அது தப்பு. இதுக்காகவே வந்தவங்க இங்க இருக்காங்க. நான் எழுதினதால ஒரு ஊர்ல அவங்களுக்கு அது இல்லாமப் போச்சு. தயவுசெஞ்சி, பத்து நிமிஷம் உக்காந்து கேளுங்க."

"அப்ப டீ எப்ப சார் குடிக்கிறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

ஜெயசீலன் ஆரம்பித்தார். சிலர் எழுந்து போகத்தான் போனார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் இருந்தார்கள். முனிரத்தினம் எழுந்து, மேடை ஓரத்துப் பலகையில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக்கொண்டு நின்றார். பெரிய ட்ரம் அதிரும்போதெல்லாம் அவர் தலை லேசாக ஆடியது. சரோஜா எழுந்து போய் பக்கத்தில் நின்றார். அவர் உதடு அசையவில்லை. கையால் எதுவும் காட்டவில்லை. கணவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மற்ற எல்லோரையும் போல, கச்சேரி கேட்க வந்த ஒரு பெண்ணாக நின்றார்.

எனக்கு ட்ரம் சோலோ புரிந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அன்று அது பத்து நிமிடத்தில் முடிந்தபோது, அதற்குள்ளாகவா என்றிருந்தது.

கச்சேரி இடைவேளையில் ஜெயசீலன் சட்டையெல்லாம் வியர்வையாக இறங்கி வந்தார். முனிரத்தினம் கையைப் பிடித்துக்கொள்வார், கண் கலங்குவார் என்றெல்லாம் நான் எதிர்பார்த்தேன். அவர் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"நல்லா இருந்துச்சு. ஆனா போன வருஷத்தவிட வேகம் ஜாஸ்தி. நடுவுல அந்தப் பெரிய ட்ரம்ம இன்னும் ரெண்டு அடி அடிச்சிட்டு அப்பறம் சின்னதுக்குப் போயிருக்கணும். அவசரப்பட்டுட்டீங்க."

தெருவே திரும்பிப் பார்த்தது. ஜெயசீலன் அசந்து போய் நின்றார். பிறகு அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் எப்படி எழுதுவேன்!

"கரெக்டு சார்" என்று என்னிடம் திரும்பினார். "அந்த எடத்துல நான் பயந்துட்டேன். ஜனம் எழுந்துடுமோன்னு அவசரப்பட்டேன். வேற யாருக்கும் தெரியல பாருங்க." மறுபடி முனிரத்தினத்தின் பக்கம் திரும்பி, தன் தொடையில் தாளம் போட்டுக் காட்டி, இப்படியா என்று கேட்டார். முனிரத்தினம் அந்தத் தொடையிலேயே கையை வைத்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினார்.

நான் நாலு வரி எழுதி ஒருவருக்குக் கச்சேரியை இல்லாமல் செய்தேன். அவர் மனைவி நாலு வரி எழுதி அதைத் திரும்ப வாங்கிவிட்டார். பாராட்டி எழுதுகிற வாசகர்கள் வாய்ப்பது சந்தோஷம். கார்டு போட்டுத் திருத்துகிற வாசகர் கிடைப்பது கொடுப்பினை. சரோஜா அம்மாவுக்கு இந்த இடத்திலிருந்தே என் நன்றி. கண்டிகைக் கமிட்டியும் அடுத்த வருஷம் சோலோ உண்டு என்று சொல்லிவிட்டதாம்.

அதற்கு என்னையும் அழைத்திருக்கிறார்கள். முன்வரிசையில், ஸ்பீக்கருக்கு நேர் எதிரே இடமாம். 'காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வரலாமா?' என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன்.

"வச்சிகினு வாங்க சார்" என்றார் முனிரத்தினம். "அப்பதான் சரியா கேக்கும்!"