மூக்கில்லாமல் ஒரு மெர்லோ

பதினேழு வருடம் ஓட்டல் கூடத்தில் தட்டு தூக்கியதில் அவளுடைய முழங்கால் இரண்டும் விட்டுப்போயிருந்தன. போன வருடக் காய்ச்சல் மூக்கையும் கொண்டுபோயிற்று. அடுப்பில் பால் தீய்ந்தாலும் தெரியாது. இது அவள் வீட்டுக்காரருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

இந்த லட்சணத்தில் புது மேலாளர் ஒரு தேர்வு வைத்தார். மூன்று கோப்பையில் மூன்று சிவப்பு ஒயின். மேசைக்கு மேசை கேட்கிறார்களே அந்த மெர்லோ எது என்று சொல்ல வேண்டும். தவறினால் சலவைக்கூடம். ஈர விரிப்பு தூக்க அவள் இடுப்பு இடம் கொடுக்காது. அவள் பயந்துபோனாள்.

"மூக்கு போனா என்ன, நாக்கு இருக்கே! அது யாரையும் சும்மா விட்டதில்லையே," என்றார் பஸ் ஓட்டும் வீட்டுக்காரர். மெர்லோ ஒன்று, கேபர்னே என்கிற இன்னொரு சிவப்பு ஒயின் ஒன்று வாங்கிவந்து, சமையலறையில் அவளைக் கண்ணை மூடச் சொல்லி மாற்றி மாற்றிக் கொடுத்தார்.

நான்காம் நாள் பிடிபட்டது. கேபர்னே, கடுந்தேநீர் மாதிரி ஈறைப் பிடித்து இழுத்தது. மெர்லோ வம்புதும்பில்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"இது நல்ல மனுஷன் மாதிரி. சண்டை போடாம உள்ள போகுது."

"என்னையா சொல்ற?"

"உங்களை இல்ல."

தேர்வன்று மற்றவர்கள் கோப்பைக்குள் மூக்கைவிட்டுத் திணறினார்கள். அவள் ஒப்புக்கு முகர்ந்துவிட்டு, மூன்றிலும் ஒவ்வொரு வாய் குடித்தாள்.

"நடுவுல இருக்கிறது மெர்லோ."

மேலாளர் பூரித்துப்போனார். "மூக்குன்னா இதுதான் மூக்கு! இனிமே தொறக்கிற பாட்டிலை எல்லாம் நீங்க முகர்ந்து, கெட்டதைத் தள்ளிடுங்க. உக்காந்தே செய்யலாம்." நாற்காலியையும் இழுத்துப் போட்டார்.

அவள் உட்கார்ந்தாள். பதினேழு வருடத்தில் அந்தக் கூடத்தில் யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை. முழங்கால் இரண்டையும் நீட்டிக்கொண்டாள். ஆனால் கெட்ட பாட்டில் தன்னைத் தாண்டி மேசைக்குப் போகுமே என்றும் தோன்றியது.

"சார், எனக்கு வாசனையே தெரியாது. ஒரு வருஷமாச்சு."

"அப்புறம் எப்படிச் சொன்னீங்க?"

"ஈறை வெச்சு."

அவர் தலையைச் சொறிந்தார். "சரி, தேறிட்டீங்க. கூடத்துலயே இருங்க. முகர வேற ஆளைப் பாத்துக்கிறேன். மேசைக்கு ஆள் வந்தாச்சு, எழுந்திரிங்க."

அவள் நடுக் கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

"இதைக் குடிச்சிட்டு எழுந்திரிக்கிறேன் சார்," என்று சொல்லி, அவசரமே இல்லாமல் குடிக்க ஆரம்பித்தாள்.