உட்கார்ந்த உயரத்தில் ஒரு பட்டறை

விபத்துக்குப் பிறகு என் கணவர் எட்டு மாதம் வீட்டுக்குள்ளேயே இருந்தார். விரைவுச்சாலையில் லாரி ஒன்று பின்னாலிருந்து மோதி, முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. அதற்கு முன் இருபது வருடம் அவர் மோட்டார்சைக்கிள் மெக்கானிக். மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஏதாவது ஒரு பைக் இருமிக்கொண்டு போனால், ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தபடி, "கார்புரேட்டர்" என்பார். பிறகு அன்று முழுக்கப் பேசமாட்டார்.

பழைய முதலாளி நல்லவர். கவுண்டரில் உட்கார்ந்து பில் போட வரச் சொன்னார். "என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டு ஆள் வரணுமா?" என்று இவர் மறுத்துவிட்டார். சொந்தக்காரர்கள் வந்து ஆறுதல் சொன்னார்கள். எனக்கு ஆறுதல் வேண்டியிருக்கவில்லை. கை இரண்டும் நன்றாக இருக்கும்போது இந்த மனிதர் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்ற கோபம்தான் இருந்தது.

உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டையில், தரைத்தளத்தில், சின்ன இடமொன்று வாடகைக்கு வந்தது. கேட்டால் வேண்டாம் என்பார். அதனால் கேட்காமலே எடுத்தேன். துணைக்கு இரண்டு பேர். ஒருவன் ஏர்கான் வேலை செய்யும் என் தம்பி. இன்னொருவர் எங்கள் மாடியிலேயே குடியிருக்கும் நண்பர், துவாஸ் கப்பல்பட்டறையில் வெல்டர். மூன்று பேருக்கும் சேர்ந்தாற்போல் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

முதல் ஞாயிறு முழுக்கத் தரையில் ஊறிப்போயிருந்த எண்ணெயைச் சுரண்டினோம். அடுத்த ஞாயிறு வாசல் படியை உடைத்துச் சரிவாகப் பூசினோம். தேக்காவுக்குப் பக்கத்து இரும்புக் கடையில் வாங்கிய, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் கனமான வைஸைத் தம்பி தோளில் சுமந்து ரயிலில் கொண்டுவந்தான். வெல்டிங் செய்யக் கட்டட அலுவலகம் லேசில் அனுமதி தரவில்லை. மூன்று முறை போய் நின்றேன். மூன்றாவது முறை அந்த அதிகாரியே, "நீங்க விட மாட்டீங்க போல" என்று கையெழுத்துப் போட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்தபடி வேலை செய்ய வெல்டர் பற்றவைத்த இரும்பு மேசை தயாரானதும் கணவரை அழைத்துப் போனேன். எங்கே என்று கேட்டதற்கு, "வாங்க, சொல்றேன்" என்றேன். ஷட்டரைத் தூக்கினோம். அவர் உள்ளே உருட்டிக்கொண்டு போய், மேசைக்கு நேராக நாற்காலியைத் தள்ளினார். முன்பக்கம் குறுக்கே பற்றவைத்திருந்த கம்பியில் அவருடைய இரண்டு முழங்கால்களும் இடித்தன. அவருக்கு வலிக்கவில்லை. எனக்குத்தான் வலித்தது. நாற்காலியின் உயரத்தை அளந்தவள், முழங்கால் எங்கே போகும் என்று யோசிக்கவில்லை.

"யாரு அளந்தது?"

"நான்தான்."

"உக்காரப் போறது நான். என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

கோபத்தில் அவர் குரல் உயர்ந்து எத்தனையோ மாதமாகியிருந்தது. தம்பி வெளியே நழுவப் பார்த்தான். வெல்டர் மட்டும், "தப்புதாண்ணே. வெட்டிரலாம்லா. எங்கன்னு சொல்லுங்க" என்று சாக்குக்கட்டியை நீட்டினார். கணவர் அதை வாங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. வாங்கியபின் குனிந்து தரையில் கோடு போட ஆரம்பித்தார். நாற்காலி திரும்ப எவ்வளவு இடம், பைக் எங்கே, மேசை எங்கே, எல்லாவற்றுக்கும் கோடு. நாங்கள் செய்ததில் பாதியை அன்றே பிரித்தோம்.

அதன்பிறகு அவர்தான் மேஸ்திரி. நாங்கள் மூவரும் அடுத்த நான்கு ஞாயிறும் திட்டு வாங்கினோம். பைக்கை ஏற்றி இறக்கும் மேடை காலால் மிதித்து உயர்த்தும் வகை. வெல்டர் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை அதைக் கைநெம்புகோலுக்கு மாற்றினார்.

ஒருநாள் சுவர் ராக்கில் மாட்டியிருந்த ஸ்பேனரை எட்டி எடுக்கப்போய்க் கணவர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். தம்பி பதறி ஓடினான். தரையில் கிடந்தபடியே அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"என்னை அப்புறம் தூக்கு. முதல்ல அந்த ராக்கை ஒரு அடி கீழ இறக்கு."

அடிபட்டிருக்கிறதா என்று பார்க்கப்போன எனக்கும் அதே பதில். ராக்கை இறக்கினோம். பிறகுதான் தூக்கவிட்டார்.

திறந்த முதல் வாரம் யாரும் வரவில்லை. இரண்டாவது வாரம், ஜோகூரிலிருந்து தினமும் எல்லைப் பாலம் கடந்து வேலைக்கு வரும் ஒரு மலாய்ப் பெண் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிரேக் பிடிக்கவில்லை. உள்ளே பார்த்தவர் தயங்கி, மெக்கானிக் எங்கே என்று என்னிடம் மலாயில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான். பைக்கை ஏத்துங்க" என்று மலாயிலேயே சொல்லிக் கணவர் நெம்புகோலைப் பிடித்தார். முக்கால் மணி நேரம். அந்தப் பெண் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் தன்னுடன் வேலை செய்யும் இருவரை அழைத்து வந்தார்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. எஞ்சினை இறக்கும் வேலைக்குத் தம்பி வேண்டும், அது சனிக்கிழமைதான் நடக்கும். முதுகுவலி அதிகமான நாளில் கடையைத் திறப்பதில்லை. மற்ற நாட்களில் வேலை முடிந்து நானும் அங்கே போய்விடுகிறேன். பின்சக்கரம் கழற்றி டயர் மாற்றக் கற்றுக்கொண்டிருக்கிறேன். சரியாகச் செய்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். தப்பாகச் செய்தால் பக்கத்து மூன்று கடைக்கும் கேட்கும்.