தொடாதீங்க அண்ணன்

அறிவியல் அருங்காட்சியகத்தில் அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருப்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருடக் காவலர் வேலையில் எந்த வார்த்தையை அதிகம் சொன்னாரோ அதுவே பெயராகிவிட்டது: தொடாதீங்க அண்ணன். வீட்டுக்கு வந்த விருந்தாளி டிவி பக்கம் கை நீட்டினாலும் வாயில் அதுதான் வரும். மனைவி தலையில் அடித்துக்கொள்வார்.

அன்று கலைக் கண்காட்சி தொடக்கம். அந்தக் கூடத்துக் காவலர் காய்ச்சலில் படுத்துவிட, எலும்புக்கூடுகள் இருக்கும் மாடியிலிருந்து அண்ணனை அவசரமாக இறக்கினார்கள். கூடத்தின் நடுவே அகலமான கண்ணாடித் தட்டில் தண்ணீர், இரு முனைகளிலும் பித்தளைத் தகடு, அடியில் விளக்கு. அலைகளைப் பற்றி ஒரு கலைஞர் இரண்டு வருடம் உழைத்துச் செய்தது. அண்ணன் நாலு பக்கமும் தெரிகிற இடமாகப் பார்த்து, சுவரோரம் போய் நின்றுகொண்டார். கடமையில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை.

மதியத்துக்குள் எண்பது பேர் வந்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் "தொடாதீங்க" என்றார். எல்லோரும் நல்ல பிள்ளைகளாகக் கையைக் கட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு மணிக்குக் கலைஞர் வந்தார். சின்னப் பெண். முகம் தொங்கிப்போயிருந்தது.

"காலையிலேர்ந்து மேலேர்ந்து பாத்துட்டிருக்கேன் அண்ணே. ஒருத்தருக்குக்கூடப் பிடிக்கல. சாயங்காலம் கழட்டி எடுத்துட்டுப் போயிடறேன்."

அண்ணன் பளபளத்த தகட்டைச் சுட்டிக் காட்டினார். "அப்படிச் சொல்லாதம்மா. ஒரு கைரேகை விழ விட்டேனா பாரு."

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், அண்ணன் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பையோடு அவர் மனைவி உள்ளே வந்தார். இத்தனை வருடத்தில் அவர் அருங்காட்சியகத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை.

"ஏங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க முதுகுக்குப் பின்னாடி என்னமோ எழுதியிருக்கு."

அண்ணன் நகர்ந்தார். சுவரில் பலகை: இரு கைகளையும் தகட்டில் வையுங்கள். உங்கள் இதயத் துடிப்பு அலையாகும்.

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "உன் மேல தப்பே இல்லம்மா. எல்லாம் என் வாயும் முதுகும் பண்ண வேலை."

அந்தப் பெண் அடக்க முடியாமல் சிரித்தாள். "அப்ப முதல்ல நீங்க தொடுங்க."

கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. மனைவி பொறுமையிழந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துத் தகட்டில் அழுத்தினார். தண்ணீர் துள்ளியது. கூரை முழுக்க ஒளி வளையங்கள் படபடவென்று ஓடின.

"இவ்வளவு பயமா உங்களுக்கு?" என்றபடி மனைவி எதிர்த் தகட்டில் கை வைத்தார். அங்கிருந்து நிதானமான வளையங்கள் கிளம்பி வந்து, நடுவில் இவருடையவற்றோடு சேர்ந்து மின்னி, கலையாமல் கடந்து போயின. அண்ணன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷம்.

வாசலில் ஒரு குடும்பம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. பழைய வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார்.

"தொடுங்க. தொடாம ஒருத்தரும் வெளிய போகக் கூடாது."

சாயங்காலம் வரிசை படிக்கட்டு வரை நீண்டது. அந்தப் பெண் எதையும் கழற்றவில்லை.

மறுநாள் காலை அண்ணன் சாப்பாட்டுப் பையை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனார்.