மூன்று கிளவுடும் ஸ்டெல்லாவின் பதினைந்து நாள் லீவும்

போன திங்கட்கிழமை ஸ்டெல்லா காலைத் தாங்கித் தாங்கி ஆபீஸுக்குள் வந்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. குதிகாலில் பிளாஸ்திரி. கையில் ஒரு பை நிறைய பொரியும் பேரீச்சம்பழமும். கோலார் தங்கவயலில் இருந்து வேளாங்கண்ணி வரை நடந்தே போய்விட்டு, பஸ்ஸில் திரும்பியிருந்தார்.

அந்த நடைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதில் வில்லன் வேறு யாருமில்லை... அடியேன்தான்!

எங்கள் கம்பெனி பிழைப்பைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பே புலம்பியிருக்கிறேன். பெங்களூர் டிராஃபிக்கில் ஸ்கூல் பஸ் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பெற்றோருக்கு மெசேஜ் அனுப்புகிறோம். அதற்கு வேண்டிய கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுத்திருக்கிறோம் – அதைத்தான் பந்தாவாக கிளவுட் என்கிறோம்.

ஒருவரிடம் வாடகைக்கு எடுத்தால் போதாதா? போதும். ஆனால் ஆரம்பத்தில் ஒருவர் ஒரு வருடம் இலவசம் என்றார், அங்கே போனோம். பிறகு ஒரு சின்ன கம்பெனியை வாங்கினோம்; அவர்கள் வேறோர் இடத்தில் குடியிருந்தார்கள். அப்புறம் ஒரு பெரிய ஸ்கூல், 'எங்க டேட்டா இன்னாரிடம்தான் இருக்கணும்' என்று அடம்பிடித்தது. ஆக, ஒரே குடித்தனத்துக்கு மூன்று வாடகை வீடு. மூன்றுக்கும் வேறு வேறு சாவி, வேறு வேறு ஸ்விட்ச் போர்டு.

அந்த வாடகைக் கம்ப்யூட்டர்களில், அதாவது சர்வர்களில், எது எந்த வீட்டில் இருக்கிறது என்று முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் ஸ்டெல்லா. என் டீமில் சீனியர். தினமும் தங்கவயலில் இருந்து ரயிலில் வந்துபோகிறவர். வண்டி பங்காரப்பேட்டை தாண்டுவதற்குள் எங்களில் யாராவது நான்கு முறை போன் செய்திருப்போம்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"சார், ஆகஸ்ட்ல பதினஞ்சு நாள் லீவு வேணும். போனும் எடுக்க மாட்டேன்."

எனக்குத் தலை சுற்றியது. பதினைந்து நாளா? போன் இல்லாமலா?

"அப்பாவுக்கு மூச்சுத்திணறல் சரியானா நடந்தே வர்றேன்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன் சார். அவரு நல்லாகி ரெண்டு வருஷம் ஆச்சு. மாதா பொறுமையாத்தான் இருக்காங்க. உங்க சர்வருதான் என்னை விடமாட்டேங்குது."

அவர் அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இரண்டு வருடமும் லீவு கேட்டபோது 'அடுத்த வருஷம் பாத்துக்கலாமே' என்று சொன்னது சர்வர் இல்லை, நான். நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"மூணு கிளவுடையும் ஒரே இடத்துல இருந்து பாத்துக்க ஒரு டூல் எடுத்துடுவோம். இந்தத் தடவை நீங்க போறீங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

டூல் தேடும் படலம் ஆரம்பித்தது. பத்து டெமோ பார்த்தோம். கடைசியில் இரண்டு மிஞ்சின. முதலாவது கண்ணைப் பறிக்கும். மூன்று கிளவுடும் ஒரே திரையில், எல்லாம் பச்சைப் பசேல். ஒரு சர்வரை நிறுத்த ஒரே ஒரு க்ளிக்! இரண்டாவது... வெறும் கறுப்புத் திரை. நமக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு ஃபைலில் எழுதிக் கொடுக்க வேண்டும். அது படித்துப் பார்த்து, 'இதைச் சேர்ப்பேன், இதை அழிப்பேன், சரியா?' என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும். நாம் 'யெஸ்' என்று டைப் செய்யும்வரை ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது.

நான் எதற்கு ஓட்டுப் போட்டிருப்பேன்? நிறத்தைப் பார்த்து மிக்ஸி வாங்குகிற ஆளாயிற்றே நான்.

ஸ்டெல்லா மறுக்கவில்லை. "அழகாத்தான் இருக்கு சார். ஆனா நான் இல்லாதப்போ நீங்கதானே ஓட்டணும்? நாளைக்கு ஒரு நாள் நான் வரலை, போனும் ஆஃப். ஒத்திகை பாத்துடலாம்" என்றார்.

மறுநாள் பச்சைத் திரை முன்னால் ராஜா மாதிரி உட்கார்ந்தேன். பட்டியலில் ஒரு பெயர் கண்ணில் பட்டது – 'டெம்ப்-2'. தற்காலிகம்! எவன் இதை ஓடவிட்டுவிட்டு மறந்தான்? ஒரே க்ளிக். நிறுத்தியாயிற்று. திரை முழுக்கப் பச்சை அப்படியே இருந்தது. நிம்மதியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மூன்றே முக்கால் மணிக்கு மல்லேஸ்வரத்தில் இருந்து மனைவி போன்.

"ஏங்க, பஸ் எங்க இருக்கு? மெசேஜே வரலை! அரை மணி நேரமா கேட்டுல நிக்கிறேன். 'பஸ் எல்லிதே, பஸ் எல்லிதே'ன்னு கன்னடத்துல எல்லாரும் என்னையே கேக்குறாங்க. உங்க கம்பெனின்னு இவங்ககிட்ட ஏன்தான் சொல்லித் தொலைச்சேனோ!"

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். அவசரத்துக்கு எதையாவது ஓட்டவிட்டால் 'டெம்ப்' என்று பெயர் வைப்போம். அடுத்த வாரம் ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்று நினைப்பு. அந்த அடுத்த வாரம் வந்ததாகச் சரித்திரமே இல்லை. டெம்ப்-1 எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. நான்கு வருடமாக அத்தனை பெற்றோருக்கும் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தது டெம்ப்-2தான். அதற்கு அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யார் தெரியுமா? நான்தான்!

அவசரமாக அதை மறுபடி ஓடவிட்டேன். மறுநாள் ஸ்டெல்லா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. கறுப்புத் திரை டூலைத் திறந்து, "அதே தப்பை இதுலயும் பண்ணுங்க சார்" என்றார். சோதனைக்காக அவர் ஏற்கெனவே எழுதிவைத்திருந்த ஃபைலில் இருந்து டெம்ப்-2வை நீக்கினேன். திரையில் வரிவரியாக வந்தது: டெம்ப்-2 அழியும், அதோடு சேர்ந்து மெசேஜ் அனுப்பும் ஏற்பாடு ஐந்தும் அழியும், சரியா?

என் விரல் கீபோர்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. அன்றைக்கே கறுப்புத் திரை ஜெயித்தது.

அதற்காக டூல் ஏதோ மாயம் செய்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஜூலைக் கடைசி வரை ஸ்டெல்லா சொல்லச் சொல்ல, அவர் தலைக்குள் இருந்ததை எல்லாம் ஃபைலில் எழுதினோம். 'எல்லாம் நல்லா இருக்கு' என்று பல்லைக் காட்டுகிறவரைவிட, 'இதைச் செய்தால் இது போகும், பரவாயில்லையா?' என்று ஒரு வார்த்தை கேட்கிறவர்தான் ஆபத்துக்கு உதவுகிறார். டூலில் மட்டுமா? வீட்டிலும் அப்படித்தான். பக்கத்தில் நின்று இதைப் படிக்கும் மனைவி தலையாட்டுகிறாள்.

ஆகஸ்டில் ஸ்டெல்லா கிளம்பினார். ஆறாம் நாளே ஒரு கிளவுட் படுத்துவிட்டது. கை தானாகப் போனுக்குப் போனது. எடுத்தேன்... திரும்ப வைத்தேன். மூன்று பேர் உட்கார்ந்து ஃபைலைப் படித்தோம். அதில் இருந்ததை இன்னொரு வீட்டுக்கு மாற்றி எழுதினோம். 'சரியா?' என்று அது கேட்டதை இரண்டு தடவை படித்துவிட்டு 'யெஸ்' அடித்தோம். பஸ்கள் வந்துசேர்வதற்குள் மெசேஜ்கள் போய்ச் சேர்ந்தன. சின்னப் பிள்ளை மாதிரி எனக்குக் குதிக்கத் தோன்றியது.

இப்போது போன திங்கட்கிழமைக்கு வருவோம். பொரிப் பையை மேஜை மேல் வைத்துவிட்டு ஸ்டெல்லா கேட்டார்.

"எத்தனை தடவை சார் எனக்கு அடிச்சீங்க? போனு ஆஃப்லயே இருந்துச்சு, தெரியலை."

"ஒரு தடவைகூட அடிக்கலை."

"நெஜமாவா?" சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் லேசாக வாடிவிட்டது. "ஒண்ணுக்குமே நான் தேவைப்படலையா சார்?"

"ஒரே ஒரு விஷயம் மட்டும் நீங்க வரட்டும்னு வெச்சிருக்கேன். அந்த டெம்ப்-2... இப்பவாவது எடுத்துடலாமா?"

"ஐயோ, அதைத் தொட்டுடாதீங்க சார்!"

அவ்வளவுதான்... குதிகால் வலியை மறந்து விறுவிறுவென்று தன் சீட்டுக்குப் போய்விட்டார்.