இரண்டு விசிலில் குழையும் பருப்பு

எங்கள் தெரு முனையில் ஒன்பது மாடி அடுக்குமாடி வரக்கூடாது என்று மனு எழுதியவன் நான். அதைத் தெருவுக்குக் கூட்டி வந்தவனும் நான்தான். இந்த இரண்டாவது விஷயம் யாருக்கும் தெரியாது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தர்மபுரி டவுனின் விளிம்பில் இருக்கிறது எங்கள் தெரு. இருபத்தாறு வீடுகள். கடைசி வீடு பாயுடையது. அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் தையற்கடை வைத்திருக்கிறார். அவர் வீட்டுப் பின்னால் ஒரு கிணறு. கிணற்றை ஒட்டி மதில் சுவர். மதிலுக்கு அந்தப் பக்கம், முன்பு புளி குடோன் இருந்த காலி இடம். சண்டை முழுக்க அந்த மதிலின் இரண்டு பக்கத்துக்கும்தான்.

எங்கள் மாவட்டத்துத் தண்ணீர் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் தலையாட்டுவார்கள், புரியாது. ஆழமாகப் போர் போட்டால் வருகிற தண்ணீரில் ஃபுளோரைடு. அதைக் குடித்து வளர்ந்தவன் நான். என் பல் முழுக்கப் பழுப்புக் கோடுகள். கல்யாண போட்டோ ஒன்றில்கூட நான் சிரிக்கவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறேன். கம்பைநல்லூரில் என் மாமனார் வீட்டில் மாப்பிள்ளை ரொம்பக் கோபக்காரர் என்று பேசிக்கொண்டார்களாம். பல்லை மறைக்கிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கம். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு கோபமும் நிஜமாகவே வந்துவிட்டது.

பாய் வீட்டுக் கிணறு நாற்பதடிதான். மேல் ஊற்று. அரசாங்கத்திலிருந்து வந்து பாட்டிலில் பிடித்துப் போய்ச் சோதித்து, இது குடிக்கிற தண்ணீர் என்று சீட்டுக் கொடுத்தார்கள். எங்கள் தெருப் பெண்களுக்கு அந்தச் சீட்டு தேவைப்படவில்லை. துவரம்பருப்பு எப்போதோ சொல்லிவிட்டது. போர் தண்ணீரில் குக்கர் ஆறு விசில் அடித்தாலும் பருப்பு விறைத்துக்கொண்டு கிடக்கும். கிணற்றுத் தண்ணீரில் இரண்டு விசில். குழைந்துவிடும்.

அந்தக் கிணற்றுக்குச் சட்டம் போட்டவர் பாயின் சம்சாரம். நான் அக்கா என்று கூப்பிடுவேன். வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குடம். குடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் மட்டும். செருப்பைப் பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே விட வேண்டும். கயிறும் வாளியும்தான், மோட்டார் கூடாது. எனக்குத் தொழிலே மோட்டார். எரிந்துபோன போர் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறேன். கடத்தூர், பொம்மிடி வரைக்கும் ஆள் வருவார்கள். அக்காவுக்குக் கைவலி என்று தெரிந்ததும் ஒரு அரை எச்.பி. மோட்டாரைச் சும்மாவே போட்டுத் தருகிறேன் என்று போய் நின்றேன்.

"கை வலிச்சா நாம நிறுத்திக்குவோம் தம்பி. மோட்டாருக்குக் கை வலிக்குங்களா?" என்றார்.

நான் திரும்பி வந்தேன். அவர் சொன்னது சரி. ஆயிரம் அடியில் போய் உறிஞ்சுகிற மோட்டார்களை வைத்துத்தான் நான் சோறு தின்கிறேன். பக்கத்துக் கிணறுகளை அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா?

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுப்போம். எல்லா ஊரிலும் கொடுப்பார்கள்தான். ஆனால் நாங்கள் அது எந்தத் தண்ணீர் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். சொல்லாவிட்டால் வந்தவர் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார். ஒகேனக்கல் குழாயா, போரா, கேனா என்று தெரிந்த பிறகுதான் வாய்க்குப் போகும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மாம்பழ சீசனில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், வீட்டு முன்னறையில் இருக்கிற என் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். குடோன் இடம் யாருடையது என்று விசாரித்தார். எனக்கு அதில் அக்கறை இல்லை. வெயிலில் வந்திருக்கிறாரே என்று ஒரு சொம்பு கொடுத்தேன். குடித்துவிட்டு, "நல்லா இருக்குதே, எந்தத் தண்ணிங்க?" என்றார்.

அங்கேதான் நான் கெட்டேன். குடோன் மதிலுக்கு இந்தப் பக்கமே கிணறு, நாற்பதடி, கோடையிலும் வற்றாது, ரெண்டே விசில்ல பருப்பு குழைஞ்சிருங்க, இந்தத் தண்ணிக்காகவே இங்க குடி வரலாங்க என்றேன். இன்னும் ஒரு சொம்பும் ஊற்றினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து இடத்தைச் சுற்றி நீலத் தகரம் நின்றது. அப்புறம் ஒரு காலை பேப்பருக்குள் பளபளவென்று ஒரு விளம்பரத் தாள். ஒன்பது மாடி, எழுபத்திரண்டு வீடுகள், லிஃப்ட், கீழே கார் நிறுத்தம். கடைசி வரி இது: ‘அருகிலேயே வற்றாத நன்னீர் ஊற்று. இரண்டே விசிலில் பருப்பு குழையும்!’

என் வாயிலிருந்து வந்ததை எடுத்து அச்சடித்திருந்தான். அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். என் சம்சாரத்திடம்கூடச் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே தெருவைக் கூட்டி, மனு எழுதலாம் என்று முதல் ஆளாகக் கத்தியதும் நான்தான். எல்லோரும் என்னைத் தலைவராக்கினார்கள்.

எழுபத்திரண்டு வீட்டுக்கு ஆழ்துளைக் கிணறு இல்லாமல் முடியாது. பிளானில் மூன்று போர் காட்டியிருந்தார்கள். ஒன்று மதிலிலிருந்து பத்தடி. போர் போட்டால் கிணறு செத்துவிடும். எங்கள் எதிர்ப்பு இதற்குத்தான். வெயில் மறையும், கார் நெரிசல் வரும் என்று தெருவில் வேறு காரணங்களும் சொன்னார்கள். எனக்கு அவை பெரிதாகப் படவில்லை. மனுவில் நான் கிணற்றைத்தான் எழுதினேன்.

மண் பரிசோதனைக்கு ஆள்கள் வந்தபோது நான் ஒரு உத்தரவு போட்டேன். கட்டடக் கம்பெனி ஆள் ஒருத்தனுக்கும் இந்தத் தெருவில் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக் கூடாது. மறுநாள் பார்த்தால் அக்கா தகரத்துக்கு மேலே கையை நீட்டிச் சொம்பு கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

"அக்கா, நான் என்ன சொன்னேன்?"

"நீங்க சொன்னீங்க. நான் கேக்கறேன்னு சொன்னேனா?"

"நம்ம கெணத்த மூட வந்தவனுங்க அவனுங்க."

"அவனுங்க கூலிக்கு வந்தவனுங்க தம்பி. நாக்கு வறண்டு நிக்கறான். எந்தத் தண்ணின்னு மட்டும் நான் சொல்லல."

கடைசி வரியை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. தெரிந்துதான் சொல்கிறாரா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு இருக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மனுவைக் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தோம். மூன்று தடவை கொடுத்தோம். ஒருவழியாக விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தெருவிலிருந்து பத்துப் பேர் போனோம். அக்கா ஒரு துணிப்பையில் இரண்டு டிபன் பாக்ஸ் எடுத்து வந்தார். ஒன்றில் கிணற்றுத் தண்ணீரில் வேகவைத்த பருப்பு, இன்னொன்றில் போர் தண்ணீரில் வேகவைத்தது. கம்பெனி பக்கம் ஒரு வக்கீலும் அந்த வெள்ளைச் சட்டைக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்துத் தெரிந்தவர் மாதிரி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்குத்தான் பழக்கமாயிற்றே.

அதிகாரி ஒரு பெண். பொறுமையானவர். அக்கா திறந்து காட்டிய இரண்டு பருப்பையும் ஸ்பூனால் நசுக்கிப் பார்த்தார். பிறகு ஒரு தாளைப் புரட்டினார்.

"கம்பெனி எழுதிக் கொடுத்திருக்காங்க. பக்கத்துல பயன்பாட்டுல இருக்கற குடிநீர்க் கிணறு எதுவும் எங்க கவனத்துக்கு வரலைன்னு. ரெக்கார்டுலயும் இந்தக் கெணறு தூர்ந்ததுன்னுதான் இருக்கு. நீங்க குடுத்த தண்ணிச் சோதனைச் சீட்டுல எந்தக் கெணறுன்னு எழுதல. நீங்க சொல்றத நான் எப்படி எடுத்துக்கறது?"

பாய் எழுந்து, "மேடம், நேர்ல வந்து பாருங்க, நாங்க குடிக்கறோம்" என்றார்.

வக்கீல், "கேஸுக்காகத் தூர்வாரி வெச்சிருக்கலாம் மேடம்" என்றார்.

என் காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்த ஆள் பச்சையாகப் பொய் சொல்கிறான், அது பொய் என்பதற்கு ஆதாரம் என் சட்டைப் பையில் எட்டு மாதமாக மடித்துக் கிடக்கிறது. எடுத்தால் கிணறு பிழைக்கலாம். எடுத்தால் இது யார் சொன்ன வார்த்தை என்று பத்துப் பேருக்கும் தெரிந்துவிடும். அக்காவைப் பார்த்தேன். அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார்.

எடுத்து மேசையில் வைத்தேன்.

"கடைசி வரியப் படிங்க மேடம். கெணறு தெரியாதுன்னு எழுதிக் குடுத்தவங்க அடிச்ச நோட்டீஸ்தான். அந்தக் கெணத்தக் காட்டினதே நான்தான். இதோ உக்காந்திருக்காரே, இவருக்குத் தண்ணி குடுத்து, பருப்பு வரைக்கும் சொன்னேன். தப்பு என்னுது. கெணறு என்ன பண்ணுச்சு?"

நான் தெருக்காரர்கள் பக்கம் திரும்பவில்லை. அதிகாரி படித்துவிட்டு, வக்கீலிடம் தாளைத் தள்ளினார். வெள்ளைச் சட்டைக்காரர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் எல்லோரும் நின்றார்கள். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத்தான் நின்றேன்.

பாய்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏங்க மெக்கானிக்கு, எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? கேஸ் சிலிண்டர் போட வர்றவன்கிட்டகூட ரெண்டு விசில் கதையச் சொல்றது இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான். நோட்டீஸப் படிச்ச அன்னிக்கே நாங்க ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம்."

"அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

அக்கா துணிப்பையைத் திறந்து காட்டினார். டிபன் பாக்ஸுக்கு அடியில் அதே விளம்பரத் தாள், எண்ணெய்க் கறையோடு. "நீங்களா எடுக்கறீங்களான்னு பாத்தேன். இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா நானே எடுத்திருப்பேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. எட்டு மாதம் நான் தூங்காமல் கிடந்தேன், இவர்கள் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்களோடு ஆட்டோவில் ஏற மாட்டேன் என்று நடந்தே வந்தேன். அவர்களும் ஆட்டோவை விட்டுவிட்டு என் பின்னாலேயே நடந்து வந்தார்கள். பாதி வழியில் பாய் இளநீர் வாங்கிக் கொடுத்தார். முறைத்துக்கொண்டே குடித்தேன்.

உத்தரவு வந்தது. ஒரு கோடை முழுக்கக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து பார்க்கும் வரை அந்த இடத்தில் போர் போடக் கூடாது. கம்பெனி இப்போது நாலு மாடி போதும் என்கிறது. அதற்கும் போர் கேட்கிறது. நாங்களும் விடவில்லை. தகரம் இன்னும் நிற்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் அந்தத் தகரத்தின் ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கடைக்கு வந்து, "அண்ணா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். கொடுத்தேன்.

"எந்தத் தண்ணிங்க?"

"கேன் தண்ணி" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று என் சம்சாரத்துக்குத்தான் தெரியும். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

அவர் இன்னொரு வாய் குடித்தார். "கேன் தண்ணி இப்படி இருக்காதுங்கண்ணா. நான் பாலக்கோட்டுப் பக்கம் பொறந்தவ" என்று சிரித்தார். சிரித்ததும் கையால் வாயை மூடிக்கொண்டார். அந்தக் கை எனக்குத் தெரியும்.

மாடியில் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டியிருக்கிறார்களாம். மகளுக்கு இப்போதுதான் பால்பல் விழுந்து முளைக்கிறதாம். "எங்க பல்லு மாதிரி அவளுக்கு வேண்டாம்னு பாத்தோம். நோட்டீஸ்ல தண்ணி நல்லா இருக்கும்னு போட்டிருந்தாங்க" என்றார்.

நான் சொன்ன பெருமையை நம்பி ஒருத்தர் சேர்த்து வைத்ததைக் கொண்டு போய்க் கட்டியிருக்கிறார். யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பாய் வூட்டுக் கெணத்துத் தண்ணிம்மா. நல்ல தண்ணிதான். ஆனா நீங்க அந்த மாடிக்குக் குடி வர்றப்ப இது இருக்காது. போர் போட்டா எங்களுக்கும் இல்ல, உங்க பொண்ணுக்கும் இல்ல. எழுவத்திரண்டு வூட்டுக்கு இது ஆகாது. ஒரு வூட்டுக்கு ஆகும். வாங்க."

அக்காவிடம் கூட்டிப் போனேன். அக்கா ஒன்றும் விசாரிக்கவில்லை. "செருப்ப வெளிய வுடும்மா" என்று மட்டும் சொன்னார்.

இப்போது அந்தப் பெண்ணின் புருஷன் டவுனுக்கு வேலைக்கு வரும்போது வண்டியில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு வருகிறார். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு நடந்துகொண்டிருக்கிறார்கள். எங்கள் அடுத்த மனுவில் என் கையெழுத்துக்குக் கீழே அவர்கள் கையெழுத்து. நேற்று நான் கயிற்றை இழுத்துக்கொண்டே, குடத்தைவிடக் கேன் பெரிது, இரண்டு குடம் என்றால் எல்லோருக்கும் இரண்டு குடம்தான் என்று சத்தம் போட்டேன். சட்டம் சட்டம்தானே.

அக்கா படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"ஊர் பூரா தண்ணிக்கு நோட்டீஸ் அடிச்சவரு அளவு பேசக்கூடாது. இழுங்க தம்பி."

இழுத்தேன். அந்த ஆளின் இரண்டாவது கேனையும் நான்தான் நிரப்பினேன்.