ரப்பரைக் காய வைக்காத பெட்டி

பல்கலைக்கழகப் பொறியியல் துறையைப் பற்றி எழுதுகிறவர்கள் பேராசிரியர்களை எழுதுவார்கள். பட்டம் வாங்கிய மாணவர்களை எழுதுவார்கள். அடிக்கல் நாட்டிய அமைச்சரைக்கூட விடமாட்டார்கள். செய்முறைப் பயிற்றுநரை மட்டும் எழுதமாட்டார்கள். விரிவுரையாளர் கரும்பலகையில் சொல்லிவிட்டுப் போனதை ஆய்வுக்கூடத்தில் நடத்திக் காட்ட வேண்டியவர் அவர். நடக்காவிட்டால் குற்றமும் அவருடையதே. ஆண்டுதோறும் யாரோ ஒருவருடைய தயவில் நீட்டிக்கப்படும் வேலையில் இருப்பவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் உங்களுக்குப் பழகியதாகவே இருக்கும்.

எழுபதுகளின் இறுதியில் நான் அப்படியொரு பயிற்றுநர். மலேசியாவின் கெடா மாநிலத்தில், செமிலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவள். அந்தத் துறையில் அப்போது ஒரே பெண். விரிவுரையாளராக வேண்டுமானால் இங்கிலாந்து சென்று மேற்படிப்பு முடிக்க வேண்டும். அதற்குத் துறைத் தலைவரின் பரிந்துரை வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சூரியனை வேலைக்கு வைத்தவர்

எங்கள் துறைத் தலைவர் டாக்டர் துரைராஜ். ரப்பர் ஷீட்டுகளைப் புகைக்கொட்டகையில் விறகு எரித்துக் காய வைப்பது காட்டுமிராண்டித்தனம் என்பது அவர் கொள்கை. ஆகவே கண்ணாடிக் கூரையும் கறுப்புத் தகடும் பொருத்திய, ஆள் உயரப் பெட்டி ஒன்றை வடிவமைத்தார். வெயில் உள்ளே வரும், தகடு சூடாகும், ஷீட் காயும். விறகுச் செலவே கிடையாது. கெடாவில் பிற்பகல்தோறும் மழை கொட்டுமே என்று கேட்டேன். மழை என்பது தற்காலிகமான இடையூறு என்றார்.

கோலா கெத்திலில் ஒரு தோட்டம் அந்தப் பெட்டியை வைத்துக்கொள்ள இசைந்தது. வாரந்தோறும் போய்ப் பார்த்துவரும் பொறுப்பு எனக்கு. அவர் என் தோளைத் தட்டிச் சொன்னது: "ரெஜினா, நீ இந்தப் பெட்டியப் பாத்துக்கோ. லண்டன நான் பாத்துக்கிறேன்."

எஞ்சினியர் எப்போது வருவார்?

பெட்டியை லோரியில் ஏற்றிக்கொண்டு போன அன்று, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் கேட்ட கேள்விகள் அனைத்தும் லோரி ஓட்டிவந்த முனியாண்டி அண்ணனுக்கே போயின. தகடு எத்தனை சூடு தாங்கும், கண்ணாடி உடைந்தால் என்ன செய்வது, எஞ்சினியர் எப்போது வருவார். நான் இருவருக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

முனியாண்டி அண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "யோவ், இந்தா நிக்குதே, இதுதான்யா எஞ்சினியரு! நான் வெறும் டிரைவர்லா" என்றார். கிராணியார் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். வணக்கம்கூடச் சொன்னார். பிறகு முனியாண்டி அண்ணன் பக்கமே திரும்பினார்: "அப்ப சாமான எங்க எறக்கணும்னு நீங்களே சொல்லிருங்கண்ணே."

கன்னியம்மா அக்காவின் ஆய்வு

ஷீட்டுகள் காயவில்லை. மழை ஈரத்தில் பூஞ்சணம் பூத்தன. புகை இருந்தால் பூஞ்சணம் அண்டாது. புகையை ஒழிப்பதே டாக்டரின் இலட்சியம் என்பதால் அதை அவரிடம் சொல்ல வழியில்லை. சொல்லியும் பார்த்தேன். என் வாசிப்பு போதாது என்றார்.

ஒரு வாரம் நான் போனபோது பெட்டி கமகமத்தது. திறந்தால், மேல்தட்டில் மிளகாய், நடுத்தட்டில் மோர்மிளகாய், அடித்தட்டில் கருவாடு. பக்கத்துத் தொழிலாளர் லயத்துக் கன்னியம்மா அக்கா ஒரு சுளகோடு வந்து நின்றார். "அக்கா, இது ரப்பர் காய வைக்கிற பெட்டி" என்றேன். "தெரியும் டீச்சர். அதுதான் காயலயே, சும்மா கெடக்குதேன்னு வச்சேன்" என்றார். பல்கலைக்கழகச் சொத்து என்று எச்சரித்தேன். அவர் அஞ்சியதாகத் தெரியவில்லை. கிளம்பும்போது, துறைத் தலைவருக்கென்றே ஒரு செய்தியும் கொடுத்தனுப்பினார்: "அந்த சார்கிட்ட சொல்லுங்க, அடுத்த தடவ கதவ அகலமா வைக்கட்டும். சொளகு உள்ள போக மாட்டேங்குது."

மோந்து பார்த்த மனிதர்

பார்வையாளர்கள் வரும் நாளில் எங்கள் துறையில் ஓடாத இயந்திரத்துக்கும் எண்ணெய் போடுவது வழக்கம். பெட்டியைப் பார்க்கப் பல்கலைக்கழகப் பெரியவர்களும் ரப்பர் வணிகர்களும் கோலா கெத்தில் வந்த அன்று, டாக்டர் முந்திக்கொண்டார். புகைக்கொட்டகையில் காய்ந்த ஷீட்டுகளைக் காலையிலேயே பெட்டிக்குள் தொங்கவிடச் செய்தார். கருவாட்டை நானே அப்புறப்படுத்தினேன். அவ்வளவு ஒத்துழைப்பு என்னாலும் முடிந்தது.

எல்லாரும் கைதட்டினார்கள். சுங்கை பட்டாணியிலிருந்து வந்த சீன வணிகர் ஒருவர் மட்டும் ஒரு ஷீட்டை இழுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். அதில் புகை நாற்றம். இது இந்தப் பெட்டியில் எத்தனை நாள் இருந்தது என்று, டாக்டரை விட்டுவிட்டு என்னைக் கேட்டார். காலையிலிருந்து, என்றேன். அதற்கு முன்? புகைக்கொட்டகையில், என்றேன். இதைத் துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். மூக்குள்ள மனிதரிடம் பொய் சொல்லி முட்டாளாக நிற்க எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் டாக்டர் தம் காரிலேயே என்னை ஏற்றிக்கொண்டார். ஆற்றுப் பாலத்தைக் கடந்தபின் மிகுந்த அன்போடு சொன்னார்: "உண்மை பேசறதுக்கு ஒரு லெவல் வேணும், ரெஜினா. லெக்சரர் ஆன பெறகு தாராளமாப் பேசலாம்."

லண்டன் யாருக்கு?

பரிந்துரை, பெட்டியை ஒருமுறைகூட நேரில் பார்த்திராத ஓர் இளைஞருக்குப் போயிற்று. எதையும் பார்க்காததால் எதையும் மறுத்துச் சொல்லாதவர். என் வேலை அந்த ஆண்டு நீட்டிக்கப்படவில்லை. காரணம் கேட்டேன், துறையின் தேவைகள் மாறிவிட்டன என்றார்கள்.

மேசையைக் காலி செய்த அன்று எனக்காக வருந்தியவர் ஆய்வுக்கூட உதவியாளர் சேவியர் மட்டுமே. என் புத்தகப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தார். "நீங்க பொய்கூடச் சொல்ல வேணாம் மிஸ். சிரிச்சிட்டுச் சும்மா நின்னிருந்தாலே போதும்லா. நாங்கல்லாம் அப்படித்தானே இருக்கோம்?"

நான் லண்டனுக்கும் போகவில்லை, விரிவுரையாளரும் ஆகவில்லை. பின்னர் சுங்கை பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுக்குச் சேர்ந்தேன், அங்கே ஓட்டையை ஓட்டை என்று சொல்வதற்கே சம்பளம் கொடுத்தார்கள்.