மாணிக்கம்மாளின் கைவேகம்

நிலம் சுரங்கத்துக்குப் போன வருஷம் மாணிக்கம்மாளுக்கு முப்பது வயது. அப்புறம் பத்து வருஷம் சித்தாள் வேலை. கடைசியில் வடலூர் ரோட்டில் ஒரு ஒப்பந்தக்காரரின் கரி ஷெட். பெல்ட்டில் கரியோடு ஓடிவரும் களிமண் கட்டிகளைப் பொறுக்கி எறிய வேண்டும். ஏழு பெண்கள், ஏழு பேரும் தினக்கூலி. பெர்மனெண்ட் ஆகிவிட்டால் போதும், வேறெதையும் அவள் எந்தச் சாமியிடமும் கேட்டதில்லை.

எண்பத்திரண்டில் துரைராஜ் என்ற பட்டதாரி ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக வந்தார். சர்க்கார் பணத்தில் ஆராய்ச்சியாம். பொம்பளைகள் கை எத்தனை தடவை போய் வருகிறது என்று எண்ண ஒரு ஆள், அவருக்கு ஒரு ஜீப்.

"நல்லா செய்றவங்கள பெர்மனெண்ட் பண்ணுவாங்களா சார்?" என்று கேட்டாள்.

"எனக்கே மார்ச்சோட ஸ்கீம் முடியுதும்மா. அப்புறம் நானும் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் வரிசைதான்."

இல்லை என்று சொல்லவில்லையே, அதைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் பொறுக்கினாள்.

"மெதுவாடி. கை கழண்டுகினு வுழுந்துடப் போவுது" என்றாள் பக்கத்தில் நின்ற செல்லக்கிளி. ஐம்பதைத் தாண்டியவள், நிதானமான கை.

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. பெல்ட்டை வேகமாக ஓட்டலாம், நாலு பேர் போதும். மஸ்டர் நோட்டில் முதலில் பெயர் உள்ள நாலு பேர். நாலாவது செல்லக்கிளி, ஐந்தாவது மாணிக்கம்மாள். அவளுடைய வேகம் மட்டும் வேலையில் தங்கியது.

மிச்சக் கூலி வாங்கப் போன அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் செல்லக்கிளி அழுதாள். "உன் வேகத்துக்கு பெல்ட்ட ஓட்டிகினு இருக்காங்க. எனக்கு கை வரலடி. என்னையும் நிறுத்திடுவாங்க."

மாணிக்கம்மாளுக்கு வயிறு எரிந்தது. வேலை இருக்கிறவள் வேலை போனவளிடம் வந்து அழுகிறாள். நாலு வார்த்தை கேட்டுவிடலாம், ஆனால் அதற்குக்கூடத் தெம்பில்லை. பஸ்ஸும் வருவதாக இல்லை.

ரோட்டோரம் கிடந்த கரித்துண்டையும் மண்கட்டியையும் பொறுக்கி செல்லக்கிளியின் மடியில் கொட்டினாள்.

"கண்ணால பாக்காதக்கா. கையில கனத்தைப் பாரு. கனமா இருந்தா மண்ணு. ரெண்டு கையும் ஒண்ணா ஓடட்டும்."

செல்லக்கிளி பொறுக்கினாள்.

"இன்னும் வெரசா" என்றாள் மாணிக்கம்மாள்.